இதே மாத்திரையை நேற்று எங்கே வாங்கினீர்கள்?

ஆக்ஸிகோடோன் என்று ஒரு வலி மாத்திரை. அபின் வகையறா, வலியைப் போக்கும், ஆளையும் பழக்கப்படுத்திவிடும். அமெரிக்காவில் இதற்கு ஒருவர் சீட்டு நீட்டினால், மாத்திரையை எண்ணி எடுப்பதற்கு முன் பார்மசிஸ்ட் பார்க்கிற விஷயம் முக்கியமாக இரண்டு.

முதலில், எழுதிய டாக்டரின் பதிவெண். கட்டுப்பாட்டு மருந்துகளை எழுத டி.இ.ஏ. என்ற மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பு கொடுக்கிற எண் அது: இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். ஏழாவது இலக்கம் சும்மா வந்து உட்கார்ந்ததல்ல. 1234563 என்று வைத்துக்கொள்வோம். 1, 3, 5 கூட்டினால் 9, 2, 4, 6 கூட்டினால் 12, அதன் இரு மடங்கு 24, மொத்தம் 33. இதன் கடைசி இலக்கமும் பதிவெண்ணின் கடைசி இலக்கமும் 3, சரி. கள்ளச்சீட்டு அடிப்பவர் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் பத்துக்கு ஒன்பது தடவை இங்கேயே மாட்டுவார். ஆனால் இந்தக் கணக்கு ஊரறிந்தது, விவரமான ஆள் தாண்டிவிடுவார்.

அவரைப் பிடிக்கத்தான் மாநிலத் தரவுத்தளம். கலிபோர்னியா 1939இலேயே மூன்று பிரதி காகிதச் சீட்டில் இதைத் தொடங்கியது, கடைசியாகச் சட்டம் போட்ட மாநிலம் மிசௌரி, 2021இல். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, முகவரி, மருந்து, எத்தனை மாத்திரை, எத்தனை நாளுக்கு என்று ஒவ்வொரு விற்பனையும் அதில் ஏறும். பல மாநிலங்களில் மறுநாளைக்குள் ஏற்றினால் போதும் என்பதால் ஒரே மத்தியானத்தில் மூன்று கடை ஏறி இறங்குகிறவர் தப்பிக்க இடமுண்டு. ஓக்லஹோமா மட்டும் ஐந்தே நிமிடம் என்று கறாராக இருக்கிறது.

அப்புறம், ஒருவர் வாங்கிய விதவிதமான அபின் வகை மருந்துகளை எப்படிக் கூட்டுவது? எல்லாவற்றையும் மார்ஃபின் என்ற வலி மருந்தின் அளவுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆக்ஸிகோடோன் 10 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை என்றால் 40, அதை 1.5ஆல் பெருக்கினால் 60 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். 50ஐ எட்டினாலே டாக்டர் ஒருமுறை யோசிக்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல்.

கணக்கு எளிதுதான், ஆளை அடையாளம் காண்பதுதான் பெரும்பாடு. நம் ஆதார் மாதிரி மருத்துவத்துக்கென்று நாடு முழுக்க ஒரே எண் அங்கே கிடையாது. ஒரு கடையில் ராபர்ட், இன்னொரு கடையில் அதன் செல்லப்பெயரான பாப், நடுவில் வீடு வேறு மாறியிருக்கிறார். இருவரும் ஒருவரே என்று மென்பொருள்தான் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஊகிக்கிறது. நாய்க்கு வாங்கிய வலிப்பு மருந்துகூட வளர்ப்பவர் பெயரில் ஏறிவிடுவதுண்டு!

இத்தனையையும் பிசைந்து மூன்று இலக்க மதிப்பெண் ஒன்று போடுகிற நார்க்ஸ்கேர் என்ற மென்பொருளும் பல மாநிலங்களில் இருக்கிறது. அதில் கடைசி இலக்கம், இப்போது நடப்பிலிருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை. மீதியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற முழுச் சூத்திரத்தை நிறுவனம் வெளியிடவில்லை, எனக்கு இதுதான் உறுத்துகிறது. ஆறு டாக்டரிடம் போனவர் மாத்திரைக்கு அலைகிறவரா, ஆறு சிறப்பு மருத்துவர்களைப் பார்த்தே தீரவேண்டிய புற்றுநோயாளியா? இரண்டு பேருடைய வரிகளும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். சந்தேகம் வந்தால் பார்மசிஸ்ட் போனை எடுத்து டாக்டரின் கிளினிக்குக்கு அடிக்கிறார், அந்தப் பக்கம் யாராவது எடுக்கும்வரை நோயாளி கவுண்டரில் நிற்கிறார்.