கையில் இருக்கும் போனே போதும்: வீட்டு வீடியோவின் ஒளியும் ஒலியும்

வீட்டுச் சமையலறையில் எடுத்த வீடியோ புள்ளி புள்ளியாக, மங்கலாக வந்தால் எல்லோரும் முதலில் குறை சொல்வது கேமராவைத்தான். கூடுதல் மெகாபிக்சல் உள்ள போன் ஒன்றை வாங்கி, அதே டியூப்லைட்டின் கீழே, அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்கிறார்கள். படம் கொஞ்சம்தான் தேறுகிறது. ஃபுல் ஹெச்டி வீடியோவின் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, தேவை சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி. 12 மெகாபிக்சல் போனிலேயே அதைப் போல ஆறு மடங்கு இருக்கிறது. பற்றாக்குறை அங்கே இல்லை. கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சத்திலும், மைக்குக்கு வந்து சேரும் குரலிலும்தான் இருக்கிறது.

முதலில் வெளிச்சம். ஒளி தொடர்ச்சியான ஓட்டமாக வருவதில்லை. ஃபோட்டான் என்னும் தனித்தனித் துகள்களாக, முறை எதுவும் இல்லாமல் வந்து விழுகிறது. மழையில் ஒரே அளவுள்ள நூறு டம்ளர்களை வரிசையாக வைத்தால், சிறு தூறலில் ஒன்றில் எட்டுத் துளி விழும், பக்கத்தில் பதினான்கு விழும். பெருமழையில் அந்த வித்தியாசம் தெரியாது. சென்சாரின் பிக்சல்களிலும் இதுவே நடக்கிறது. சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். இருட்டான வீடியோவில் சுவரெல்லாம் ஊர்வதுபோல் தெரிகிறதே, அது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான். ஃபோட்டான் குறைவாக வந்தபிறகு எவ்வளவு நல்ல மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. மென்பொருள் செய்வதெல்லாம் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து மெழுகுவதுதான். அதனால்தான் இருட்டில் எடுத்த முகம் களிமண் பூசியதுபோல் ஆகிறது.

போனுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் அதன் பரப்பு 36 மில்லிமீட்டருக்கு 24, அதாவது 864 சதுர மில்லிமீட்டர். பல போன்களின் பின்பக்க முதன்மைக் கேமராவில் இருக்கும் சென்சார் 25 முதல் 70 சதுர மில்லிமீட்டர் வரைதான். செல்ஃபி கேமராவில் பெரும்பாலும் அதைவிடவும் சிறியது. ஆகவே திரையில் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் பின்பக்கக் கேமராவிலேயே எடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் அது. எடுப்பதற்கு முன் லென்ஸை மென்மையான துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடித்து, படம் முழுவதும் புகைபோல் ஒரு வெளுப்பைப் பரப்பும்.

அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதில் நம் கண் நம்மை நன்றாக ஏமாற்றும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். டியூப்லைட் எரியும் ஹாலில் 100 முதல் 300 லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். பல நூறு மடங்கு வித்தியாசம், ஆனால் கண் சில நொடிகளில் பழகிக்கொண்டு இரண்டையும் ‘வெளிச்சம்’ என்றே சொல்லிவிடுகிறது. சென்சாருக்கு அந்தச் சமாளிப்பு இல்லை. இங்கே கைகொடுப்பது தூரத்தின் கணக்கு: பல்பு போன்ற சிறிய விளக்கை இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் முகத்தில் விழும் ஒளி நான்கு மடங்காகும். புது விளக்கு வாங்குவதற்கு முன் இருக்கும் விளக்கை நகர்த்திப் பாருங்கள். ஜன்னலும் அப்படியே. பகலில் ஜன்னலுக்கு ஓரடி இரண்டடி தள்ளி, அதைப் பார்த்தபடி உட்கார்ந்தால் கிடைக்கும் வெளிச்சம் அறையின் மறுகோடியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு.

விளக்கைக் கிட்டே கொண்டுவந்தால் கண்ணுக்குக் கீழேயும் மூக்கோரமும் கத்தி வெட்டியதுபோல் நிழல் விழும். நிழலின் கூர்மையைத் தீர்மானிப்பது விளக்கின் பிரகாசம் இல்லை, முகத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான். சூரியன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நமக்கு அரை டிகிரி அகலம்தான் தெரிகிறது, அதனால் அதன் நிழல் கூர்மையானது. மேகம் மறைத்தால் வானம் முழுவதுமே விளக்காகிவிடும், நிழல் கரைந்துபோகும். படப்பிடிப்புத் தளங்களில் ஸ்கிம்மர் என்று பெரிய வெள்ளைத் துணியைச் சட்டத்தில் கட்டி விளக்குக்கும் நடிகருக்கும் நடுவில் நிறுத்துவது இதற்காகத்தான். வீட்டில் வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டினால் அதே வேலை நடக்கும். மறுபக்கம் விழும் நிழலை நிரப்ப ஒரு தெர்மகோல் பலகை போதும்; பெரிய படக்குழுக்களும் அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

வடக்கு ஜன்னலில்தான் நாள் முழுக்க மாறாத மென்மையான ஒளி வரும் என்று வெளிநாட்டு ஒளிப்படப் புத்தகங்கள் சொல்லும். ஐரோப்பாவுக்கு அது சரி. தமிழ்நாடு கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போகிறது. கன்னியாகுமரியில் அந்தக் காலம் இன்னும் நீளம். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் நேர்வெயில் எட்டிப்பார்க்கும், வேட்டியைக் கட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்ஸ்போஷர் என்பது படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிகிறது என்ற அளவு. அதைத் தானாக முடிவுசெய்யும்போது போன், காட்சியின் சராசரியை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவரோ வெளிச்சமான ஜன்னலோ இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் புதிய போன்களும் இதில் தடுமாறுவது உண்டு. மாநிறமும் கறுப்புமான முகங்கள் அப்போது விவரமே தெரியாமல் அடங்கிப்போகின்றன. பிறகு தன் நிறம்தான் குறை என்று நினைத்து பியூட்டி மோடைப் போட்டுக்கொள்கிறார்கள். நிறத்தில் ஒரு குறையும் இல்லை. அளந்த விதத்தில்தான் குறை. திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே நகர்த்தி முகம் தெளியும்வரை கூட்டுங்கள். பின்னணியில் வெள்ளைச் சுவருக்குப் பதில் அடர்நிறச் சேலையோ அலமாரியோ இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

டியூப்லைட்டின் கீழ் எடுத்த வீடியோவில் கருப்புப் பட்டைகள் மெல்ல ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை மின்னோட்டம் உச்சம் தொடுவதால் பழைய சோக் உள்ள டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. போன் சென்சார் ஒரு பிரேமை ஒரே நேரத்தில் படிப்பதில்லை, மேலிருந்து கீழே வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஷட்டர், அதாவது ஒவ்வொரு வரிசையும் வெளிச்சத்தை வாங்கும் நேரம், 1/50 நொடி என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும்; 1/100 என்றால் ஒன்று. 1/60 வைத்தால் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவு: சில வரிசைக்கு உச்சம் சிக்கும், சிலவற்றுக்குத் தப்பும். அதுதான் பட்டை. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 1/60 பொருந்தும். நாம் போனின் அமைப்புகளில் ஃபிளிக்கர் என்று இருக்கும் இடத்தில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையால் அமைக்க முடிந்தால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனை இந்த விளக்குகளில் எடுக்கவே வேண்டாம். ஒரு பிரேமின் நேரம் ஒரு துடிப்பைவிடக் குறைவு, எந்த அமைப்பாலும் தப்ப முடியாது. பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அவர்கள் வெற்றிக்குக் காரணம் அவர்களுடைய உழைப்பும் உற்சாகமும்தான். ஆனாலும் அந்தப் படங்களின் பளிச்சென்ற தெளிவுக்கு இயற்பியலும் துணை நிற்கிறது. வெட்டவெளியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, விளக்கின் துடிப்பு இல்லை, குரல் மோதித் திரும்பச் சுவரும் இல்லை.

அந்தச் சுவர்தான் வீட்டு வீடியோவின் பெரிய எதிரி என்பது என் கருத்து. படம் சுமாராக இருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தால் பார்த்துவிடுவார்கள். பேச்சு குகைக்குள்ளிருந்து வந்தால் நகர்ந்துவிடுவார்கள்.

நம் வீடுகளில் டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை. மூன்றும் தங்கள்மேல் விழும் ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மைக்குக்கு உங்கள் குரல் நேராக ஒருமுறை வருகிறது. அதன் பின்னாலேயே சுவர்களில் மோதிய நூற்றுக்கணக்கான நகல்கள் வருகின்றன. இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் வாலஸ் சபைன். அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் புது விரிவுரை அரங்கில் பேச்சு எதுவும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க 5 நொடிக்கும் மேல் ஆனது. 1895இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. இரவுகளில் ஊர் அடங்கியபின் ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் காதுக்கு எட்டாமல் போகும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பப் பரப்ப அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. அறை எவ்வளவு பெரியதோ அவ்வளவு நீளும், உறிஞ்சும் பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சுருங்கும் என்ற அவருடைய விதிதான் இன்றும் அரங்கக் கட்டுமானத்தின் அடிப்படை.

வீட்டில் அந்த மெத்தையின் வேலையை இலவம்பஞ்சு மெத்தையே செய்யும். பேசுபவருக்கு எதிரே, கேமராவுக்குப் பின்னால் அதைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கொடியில் தடித்த போர்வைகளைத் தொங்கவிடலாம், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைக்கலாம். மெல்லிய திரைச்சீலையால் பயன் குறைவு, ஒலி அதை ஊடுருவிப் போய் சுவரில் மோதித் திரும்பும்.

இதைவிடப் பலன் தருவது மைக்கைப் பக்கத்தில் கொண்டுவருவது. தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். அறையின் முழக்கமோ, அதாவது சுவர்களில் மோதி வரும் அந்த நகல்களோ, எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இரண்டு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் நிற்கும் போனின் மைக்குக்குப் பதில், 25 சென்டிமீட்டரில் சட்டையில் குத்திய காலர் மைக்கில் பேசினால் குரல் 18 டெசிபல் கூடுகிறது, ஆற்றலில் 64 மடங்கு. முழக்கம் அப்படியே இருக்க, குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. வயர் உள்ள பழைய இயர்போனின் மைக்கூட இதற்குப் போதும். புளூடூத் இயர்போனை நம்ப வேண்டாம்: அதன் மைக் வேலை செய்யும்போது வழக்கமாக நொடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி அளவீடுகள்தான் அனுப்புகிறது, அதனால் ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளின் கூர்மை போய்விடும்.

காலர் மைக் இல்லையென்றால் இன்னொரு போனை வாய்ஸ் ரெக்கார்டரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கேமரா ஓடத் தொடங்கியதும் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். எடிட்டிங் செயலியில் இரண்டு ஒலிக்கோடுகளிலும் அந்தத் தட்டல் ஊசிபோல் எழும்பி நிற்கும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக நகர்த்தினால் போதும். ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலே நமக்கு உறுத்த ஆரம்பிக்கும், ஆனால் 125 மில்லிநொடி வரை பிந்தினாலும் பெரிதாகத் தெரியாது என்பது ஒளிபரப்புத் துறையின் அளவுகோல். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்தான் வருகிறது, மூளை அதற்குப் பழகியிருக்கிறது. எனவே சந்தேகம் வந்தால் ஒலியைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள். இரண்டு போன்களின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றுபோல் ஓடாது. நீளமான வகுப்பு எடுப்பவர்கள் முடிவிலும் ஒருமுறை தட்டிவிடுவது நல்லது.

சரி, மின்விசிறி? நம் ஊர் வெயிலில் அதை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். ஆனால் போனுக்குள் ஒலியளவைத் தானாகச் சமன் செய்யும் அமைப்பு ஒன்று இருக்கிறது. நீங்கள் பேச்சை நிறுத்தியதும் ‘சத்தம் குறைந்துவிட்டது’ என்று அது ஒலியைக் கூட்டும், விசிறியின் இரைச்சல் ஒவ்வோர் இடைவெளியிலும் பொங்கி எழும். இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக எடுத்து, நடுவில் விசிறியைப் போட்டுக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

விசிறியை நிறுத்துவதால் படத்துக்கும் நன்மை உண்டு. ஃபுல் ஹெச்டி வீடியோவை நொடிக்கு 30 பிரேம் வீதம் சுருக்காமல் வைத்தால் நொடிக்குச் சுமார் 150 கோடி பிட் (டிஜிட்டல் தரவின் மிகச் சிறிய அலகு) வேண்டும். யூடியூப் அந்த அளவு வீடியோவுக்குப் பரிந்துரைப்பது 80 லட்சம் பிட், கிட்டத்தட்ட 190இல் ஒரு பங்கு. முந்தைய பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைப்பதால்தான் இவ்வளவு சுருக்க முடிகிறது. மாறாத சுவருக்குச் செலவே இல்லை. காற்றில் படபடக்கும் காலண்டரும் ஆடும் திரைச்சீலையும் பிட்களைத் தின்கின்றன. அதைவிட மோசம் இருட்டில் வரும் அந்தப் புள்ளிகள்: ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக மாறுவதால் சுருக்கும் மென்பொருளால் எதையும் ஊகிக்க முடியாது. பிட் எல்லாம் சுவரின் புள்ளிகளுக்குப் போய், முகத்துக்கு மிஞ்சுவது கட்டம் கட்டமான கறைதான். நல்ல வெளிச்சத்தில், ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்த வீடியோ அதே பிட்டுக்குள் மிகத் தெளிவாக வருவது இதனால்தான்.

எடிட்டிங்குக்காக வேறொருவருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது இன்னொருமுறை கடுமையாகச் சுருக்கப்படும். ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து அனுப்புங்கள், போனில் பதிவான கோப்பு அப்படியே போய்ச் சேரும்.