கோதுக்குள் முதல் மூச்சு

"18ஆம் நாள் டோர்ச் அடித்துப் பார்த்தேன், பத்து முட்டையிலும் உயிர் இருந்தது. 21ஆம் நாள் நான்குதான் பொரித்தன. மற்றதை உடைத்தால் ஆறும் முழுக் குஞ்சாக வளர்ந்து செத்துக் கிடக்கின்றன. சூடு 37.5 பாகையில்தான் வைத்திருந்தேன். என்ன பிழை?" என்று திருகோணமலை, சாம்பல்தீவு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடையது றெஜிபோம் மீன்பெட்டிக்குள் பல்பும் சிறிய விசிறியும் பூட்டிய இன்கியுபேட்டர், அதாவது முட்டை பொரிக்கவைக்கும் பெட்டி. வைத்தது மாரிகாலத்தில். உள்ளே இரண்டு கிண்ணம் தண்ணீர்.

அந்தத் தண்ணீர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

சூடும், நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை திருப்புவதும், 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துவதும் கோழி வளர்ப்போர் அறிந்தவை. ஆனால் கடைசி நாளில் சாகும் குஞ்சுக்கு வினை பலவேளை முதல் 18 நாளில் விளைந்திருக்கும்.

முட்டைக் கோதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் பத்தாயிரம் அளவில் உண்டு. 1970களில் அமெரிக்காவின் பஃபலோவில் உடற்றொழிலியல் ஆய்வாளர் ஹேர்மன் ரான் குழுவினர் இந்தத் துளைகளின் வரவு செலவைக் கணக்கிட்டார்கள். 60 கிராம் முட்டையொன்று 21 நாளில் சுமார் 6 லீற்றர் ஒட்சிசனை உள்ளே எடுக்கிறது, 4.5 லீற்றர் காபனீரொட்சைட்டையும் 11 லீற்றர் நீராவியையும் வெளியே விடுகிறது. நீர் போன இடத்தைக் காற்று நிரப்புகிறது. அவித்த முட்டையின் மொட்டை முனையில் ஒரு பள்ளம் இருக்குமே, அதுதான் அந்தக் காற்றறை. அடையில் இருக்கும் முட்டையில் அது நாளுக்கு நாள் பெருக்கும்.

இனித்தான் அதிசயம். முளையம் வளர வளர ஒட்சிசன் தேவை கூடுகிறது, துளைகளோ கூடுவதில்லை. 19ஆம் நாளளவில் கோதின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் இரத்தக்குழாய் வலையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. காற்றறையில் ஒட்சிசன் 14 சதவீதமளவுக்கு இறங்குகிறது, காபனீரொட்சைட்டு 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த மூச்சுத்திணறலே குஞ்சை உலுப்புகிறது. வலது சிறகுக்குக் கீழே தலையை மடித்துக் கிடக்கும் குஞ்சின் பிடரித் தசை வெட்டி இழுக்க, அலகு மேலெழுந்து மென்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் புகுகிறது. நுரையீரல் முதன்முதலாகக் காற்றை இழுப்பது அங்கேதான். கோதில் ஒரு கீறல்கூட விழாத முட்டையைக் காதில் வைத்தால் 'கீச்' என்று கேட்பது இதனால்தான். அந்தச் சிறு அறையின் காற்றை வைத்துக்கொண்டு, அலகு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் கோதை உடைக்கும்வரை குஞ்சு தாக்குப்பிடிக்க வேண்டும்.

நீர் போதியளவு போகாவிட்டால் அறை சிறுத்துவிடும். சவ்வைக் கிழித்த அலகுக்குக் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் கிடைக்கும். குஞ்சு மூழ்கிச் சாகும். நீர் கூடுதலாகப் போனாலோ சவ்வு காய்ந்த தோலாகிக் குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் திரும்ப முடியாது.

முதல் 18 நாளுக்குப் பெட்டிக்குள் 50 சதவீதமளவு ஈரப்பதன் போதும். திருகோணமலையின் மாரிக்காற்று 28 பாகையில் 85 சதவீத ஈரப்பதனோடு இருந்தால், அதே காற்று 37.5 பாகைக்குச் சூடானதும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே 50 சதவீதமாகிவிடும். அதற்குமேல் இரண்டு கிண்ணம் வைத்தால் என்ன ஆகும்? கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் நாளில் 34 பாகை, 45 சதவீதக் காற்று பெட்டிக்குள் 37 சதவீதத்துக்கு இறங்கும். அப்போது கிண்ணம் கட்டாயம் வேண்டும்.

அளவு அறியச் சமையலறைத் தராசு போதும். பத்து நாட்டுக்கோழி முட்டை சேர்த்து 450 கிராம் என்றால், 7ஆம் நாள் 22 கிராமும் 18ஆம் நாள் 56 கிராமளவும் குறைந்திருக்க வேண்டும். குறைவு போதாதென்றால் கிண்ணத்தை எடுங்கள், மிஞ்சினால் இன்னொன்று வையுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு மட்டும் ஈரப்பதனை 65 முதல் 70 சதவீதம் வரை ஏற்றுங்கள். தராசையும் பொறுமையையும் கேட்கும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் பணம் ஒதுக்கினால், நம் ஊர்க் கோழி முட்டைக்கான சரியான கணக்கு நம் கையிலேயே இருக்கும். அது வீண்செலவே அல்ல.

கோதில் ஓட்டை விழுந்தபின் குஞ்சு 12 முதல் 24 மணிநேரம் சும்மா கிடக்கும். பாவம் பார்த்து உரிக்காதீர்கள். கோதிலுள்ள குழாய்களிலிருந்து இரத்தமும், மிச்ச மஞ்சட்கருவும் உடலுக்குள் இழுபடுவது அந்நேரத்தில்தான். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் ஒழுகும், தொப்புள் மூடாது.

இடி இடித்தால் கூழ்முட்டையாகும் என்று அடைக்குள் இரும்பாணியும் கரித்துண்டும் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐப்பசி இடியோடு வருவது மழை. நனைந்த கோதின் துளை வழியே பக்றீரியா உள்ளே போகிறது, கூழாக்குவது அதுதான். ஆணியால் அதைத் தடுக்க முடியாது. அடைக்கூடையை ஒழுக்கில்லாத இடத்தில் வைத்து, வைக்கோலை மாற்றினால் தடுக்கலாம். கரண்ட் போனால் பெட்டியைச் சாக்கால் போர்த்துங்கள். இரண்டு மணிநேரக் குளிரை முட்டை பொறுக்கும், 40 பாகைச் சூட்டைப் பொறுக்காது.

பொரித்த குஞ்சு உடல் காயும்வரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். உள்ளிழுத்த மஞ்சட்கரு இரண்டு நாளுக்குச் சோறு போடும். பிறகு முதல் வாரம் 35 பாகை, வாரத்துக்கு 3 பாகை குறைத்துக்கொண்டு போகலாம். நம் ஊர்ப் பகல்வெயிலில் இரண்டாம் வாரத்திலிருந்து பல்பு பெரும்பாலும் இரவுக்குத்தான். ராணிகெட் என்ற கோழி வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்தின் முதல் கண்சொட்டு 5 முதல் 7 நாளுக்குள். கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து மருந்தை ஐஸ் போட்ட போத்தலில் கொண்டுவாருங்கள். வழியில் சூடேறிய மருந்து வேலை செய்யாது.