பெங்களூரில் ஃபைட்டர் மீன் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் ஹீட்டர், அப்புறம் மற்றதெல்லாம்

டிசம்பர் பிறந்துவிட்டால் என் வாட்ஸ்அப்புக்கு வரும் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உருண்டையான கண்ணாடிக் கிண்ணம், அடியில் கலர் கூழாங்கற்கள், அவற்றின்மேல் துடுப்பை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு ஃபைட்டர் மீன். கூடவே ஒரு கேள்வி: "ரெண்டு நாளா சாப்பிடவே இல்லை, கலரும் மங்கிப்போச்சு, என்ன மருந்து போடலாம்?" தண்ணீர் எத்தனை டிகிரி என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் வீட்டில் அதை அளக்க ஒன்றும் இருக்காது.

தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு, இங்கே மீன்தொட்டிப் பராமரிப்பும் மீன் நோய் ஆலோசனையும் செய்துவருகிறேன். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பலர் சின்ன வயதில் ஊரில் ஃபைட்டர் வளர்த்தவர்கள். "நாங்க ஹார்லிக்ஸ் பாட்டில்லயே வளர்த்தோமே" என்பார்கள். வளர்த்திருப்பார்கள், அது எத்தனை மாதம் இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: சென்னையிலும் மதுரையிலும் வெயிலே பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அங்கே வீட்டுக்குள் வைத்த தண்ணீர் தானாகவே 26, 28 டிகிரியில் நிற்கும். பெங்களூரில் அப்படி இல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும்; வீட்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டி விடியற்காலையில் 20-ஐ ஒட்டி வந்துவிடும். மழைக்காலத்திலும் ஜன்னலோரத் தொட்டி இரவில் குளிர்ந்துவிடும்.

ஃபைட்டர் தாய்லாந்தைச் சேர்ந்த மீன். அந்த நாடு 2019-இல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. வயல்வெளியிலும் சதுப்பிலும் வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்ந்து பழகிய உடம்பு அது. 25 முதல் 28 டிகிரி வரை அதற்குச் சௌகரியம். மீனுக்கென்று தனி உடல் சூடு கிடையாது. தண்ணீர் என்ன சூடோ, அதுதான் அதன் உடம்பின் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகிறது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது, அசைவே நின்றுபோகிறது. சோம்பேறி மீன் என்று வீட்டில் பெயர் வைத்துவிடுகிறார்கள்.

போன குளிர்காலத்தில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது தெர்மாமீட்டர் 19 காட்டியது. அந்த அம்மா அதற்குள் இரண்டு வகை மருந்து ஊற்றி முடித்திருந்தார். தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில் இருந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, ஹீட்டரைப் போட்டு, மணிக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் மெதுவாக 26 வரை ஏற்றினோம். மறுநாள் மீன் மேலே வந்து பெல்லட்டை, அதாவது குட்டி உருண்டைத் தீனியை, கொத்தியது. மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

அதனால் என் கட்சி இதுதான்: பெங்களூரில் ஃபில்டரா ஹீட்டரா, ஒன்றுதான் இப்போது வாங்க முடியும் என்றால் ஹீட்டரை வாங்குங்கள். ஃபில்டர் இல்லாத குறையை நீங்கள் கையால் தண்ணீர் மாற்றி ஈடுகட்டலாம். சூட்டுக்கு அப்படி ஒரு வழி இல்லை. 10 முதல் 20 லிட்டர் தொட்டிக்கு, சூட்டைத் தானே பார்த்து அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் உள்ள 25 வாட் ஹீட்டர் போதும். நாள் முழுக்க நிற்காமல் ஓடினாலும் 0.6 யூனிட்தான், தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் அவ்வளவுகூட ஆகாது. தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி விரிசல் விடும். ஒயர் பிளக்குக்கு நேராக ஏறாமல், கீழே தொங்கி வளைந்து மேலே போகட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. குளிருகிறதே என்று வெந்நீரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

காற்றைக் குடிக்கும் மீன், தண்ணீரில் வாழும் மீன்

ஃபைட்டர் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. அது காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான், இரண்டும் தூரத்துச் சொந்தம். (1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, அந்தக் கெண்டை பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகவே எழுதிவைத்திருக்கிறார்.) இந்த ஒரு திறமைதான் ஃபைட்டருக்கு வினையாகிப்போனது. மூச்சுக்கு மேலே வருகிறதே, எத்தனை அழுக்குத் தண்ணீரிலும் இருக்கும் என்று கடைக்காரர்கள் டம்ளரில் அடைத்து விற்கிறார்கள், நாமும் கிண்ணத்தில் வைக்கிறோம்.

ஆனால் மீன் கழிக்கும் அம்மோனியாவின் பெரும்பகுதி செவுள் வழியாகத்தான் வெளியேறுகிறது, அதே தண்ணீரில்தான் கலக்கிறது. ஒன்றரை லிட்டர் கிண்ணத்தில் அது எங்கே போகும்? செவுளை எரிக்கும், துடுப்பின் ஓரத்தை அரிக்கும். "வயலில் கணுக்கால் அளவுத் தண்ணீரில்தானே இருக்கிறது" என்று கேட்பார்கள். ஆழம் கணுக்கால் அளவுதான், பரப்போ ஏக்கர் கணக்கில். வீட்டில் குறைந்தது 10 லிட்டர் கொடுங்கள். 20 லிட்டர் என்றால் உங்களுக்கும் வேலை குறைவு. உயரமான தொட்டியைவிட அகலமானது நல்லது. மூடி கட்டாயம், இந்த மீன் குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும், அந்தக் காற்றைத்தான் அது குடிக்கிறது.

புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் அவை குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுவது உங்கள் பொறுப்பு. சொட்டு மருந்து வகை அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கிட்டில் குழாய் மஞ்சளாகவே நின்றால் நிம்மதி, பச்சை தட்டினால் அன்றைக்கே தண்ணீர் மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் தண்ணீர். ஒரே அபார்ட்மென்ட் சம்ப்பில் திங்கட்கிழமை காவிரி, புதன்கிழமை போர்வெல், சனிக்கிழமை டேங்கர். 2024 கோடையில் எத்தனை வீடுகள் டேங்கரை நம்பி இருந்தன என்று உங்களுக்கே தெரியும். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர்வெல் தண்ணீரில் இருக்காது, ஆனால் பல இடங்களில் கடினத்தன்மை அதிகம். டேங்கரில் என்ன வரும் என்று டிரைவருக்கே தெரியாது. நான் சொல்லும் வழி எளிது: மீனுக்கென்று ஒரு மூடி போட்ட வாளி வைத்து, ஒரு நாள் முன்னதாகவே தண்ணீர் பிடித்து, ஆன்டி-குளோரின் சொட்டு விட்டு, தொட்டி இருக்கும் அறையிலேயே வையுங்கள். ஊற்றும்போது கொஞ்சம் வெதுவெதுப்பாக்கித் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் மீனுக்கு வேண்டிய தாது உப்பே இருக்காது, பி.எச். (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) நிலையாக நிற்காது. கடின நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சரி.

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்டு, ஒருநாள் மொத்தத்தையும் கொட்டிக் கழுவி நிரப்பினால் மீன் மாலைக்குள் செத்துப்போகலாம். "தண்ணி மாத்தினதாலதான் செத்துச்சு" என்று அதன் பிறகு மாற்றவே பயப்படுவார்கள். நடப்பது இதுதான்: நாள்பட்ட தண்ணீர் மெல்லப் புளிப்புப் பக்கம் போய்விடும், அந்த நிலையில் அம்மோனியாவின் விஷம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அதில் பி.எச். 8-ஐ ஒட்டிய போர்வெல் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியா நிமிடத்தில் விஷமாகிவிடும். முழுவதையும் கொட்டி நிரப்பினாலும், அந்த பி.எச். மாற்றத்தையும் குளிரையும் மீனின் உடம்பு தாங்காது. அப்படி நாள்பட்ட தொட்டி இருந்தால் தினமும் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு வாரம் மெதுவாக மாற்றிக் கொண்டுவாருங்கள்.

கடையில், தட்டில், தொட்டியில்

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கமோ உங்கள் தெருக் கடையிலோ டம்ளர் டம்ளராக அடுக்கியிருப்பார்கள். சென்னை கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து பயணம் செய்து வந்த மீனாக இருந்தால் களைத்துத்தான் இருக்கும். விரலைக் கொண்டுபோனால் திரும்பிப் பார்க்கிறதா, செதில் படிந்திருக்கிறதா, துடுப்பு விரிகிறதா என்று பாருங்கள். பாவமாக இருக்கிறதே என்று சோர்ந்து கிடப்பதை எடுத்துவராதீர்கள், அந்த டம்ளரில் நாளைக்கே இன்னொரு மீன் வந்துவிடும். முதல் மீனுக்கு ஹாஃப்மூன், கிரவுன்டெயில் போன்ற நீள வால் வகைகளின் அழகில் மயங்க வேண்டாம். குட்டை வாலுள்ள பிளாகட் வகை வலுவானது, துடுப்புத் தொல்லை குறைவு. வீட்டுக்கு வந்ததும் கவரோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கவரில் சேர்த்து, மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பாசம்தான் வில்லன். ஃபைட்டரின் வயிறு அதன் கண் அளவுதான். காலையில் இரண்டு மூன்று பெல்லட், மாலையில் இரண்டு மூன்று, வாரத்தில் ஒருநாள் விரதம். இது புழு பூச்சி தின்னும் மீன். பிரெட், சோறு, பொரி எதுவும் வேண்டாம். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றிலிருந்து வரக்கூடியது, நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு ஆணை ஒன்றாக விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆண், ஒரு பெண் என்று ஜோடியாக வைக்கவும் கூடாது. முட்டையிடும் நேரம் தவிர மற்ற நாளெல்லாம் ஆண் பெண்ணைத் துரத்திக் கடிக்கும். தனியாக இருப்பதில் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆண் மீன் தண்ணீர்மேல் முட்டைக்காக நுரைக்கூடு கட்டினால் சந்தோஷமாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்; பருவம் வந்த ஆண் மோசமான தண்ணீரிலும் கட்டும்.

மருந்து விஷயத்தில் நான் கறார். துடுப்பு ஓரம் நைந்திருந்தால் முதல் மருந்து சுத்தமான, சூடு சரியான தண்ணீர். பல மீன்களுக்கு அதுவே போதும். உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வந்தால் அது ஒட்டுண்ணி, அதற்குச் சிகிச்சை உண்டு, சீக்கிரம் தொடங்க வேண்டும். வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நின்றால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கடையில் தரும் மஞ்சள் பொடியை, அதாவது ஆன்டிபயாட்டிக்கை, எதற்கென்று தெரியாமல் கொட்டாதீர்கள். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் பாதிக்கப்படும். தனி டப்பாவில் மீனை வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் 'இந்தியன் ஆல்மண்ட் லீஃப்' வேறொன்றும் இல்லை, நாட்டு வாதுமை இலைதான். பெங்களூரு பார்க்குகளிலேயே உதிர்ந்து கிடக்கும். மருந்து அடிக்காத, சாலைப் புழுதி படாத இடத்தில் பழுத்து விழுந்து காய்ந்ததை எடுத்து, கழுவி, 20 லிட்டருக்கு ஒரு சின்ன இலை போடலாம். தண்ணீர் டீ நிறமாகும், மீனுக்கு அது பிடிக்கும்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது கேட்பார்கள், மீனை என்ன செய்வது என்று. நன்றாக இருக்கும் பெரிய மீன் நான்கைந்து நாள் சாப்பிடாமல் தாங்கும். கிளம்பும் முந்தின நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றி, ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீரில் போட்டுவிட்டுப் போகும் வெள்ளைக் கட்டித் தீனி வேண்டாம், அது கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம், ஒரு வேளைக்கு இத்தனை என்று பெல்லட்டைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். டப்பாவோடு கொடுத்தால் பாவம், அவரும் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்.