வசனம் கேட்கவில்லையா? ஸ்பீக்கரை மாற்றும் முன் ஒரு நிமிஷம்

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்து ஒரு மாதம் இருக்கும், வீட்டுப் பெரியவர் போன் செய்தார். "தம்பி, படம் போட்டா பாட்டு காதைப் பிளக்குது, பேசுறது மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. எனக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு வீட்ல சொல்றாங்க." காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார், ரிச்சி தெருவில் புது ஸ்பீக்கருக்கு விலையும் கேட்டாகிவிட்டது.

போய்ப் பார்த்தால் பச்சை ஜாக்கில் ஒரே ஒரு வயர், மேஜையில் இரண்டே ஸ்பீக்கர். ஆனால் ஒலி அமைப்புகளை மாற்றும் பாவுகன்ட்ரோல் என்ற நிரலைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனால், அங்கே 'அனலாக் சரவுண்ட் 5.1 அவுட்புட்' என்று இருக்கிறது. லீவுக்கு வந்த பேரன் மாற்றியிருக்கிறான்.

5.1 என்றால் ஒலியை ஆறு சேனலாக, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது. அப்படிப்பட்ட படங்களில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். ஆறு சேனல் இருப்பதாக நாம் சொல்லிவிட்டால் கம்ப்யூட்டர் அதை நம்பி, இல்லாத நடு ஸ்பீக்கருக்கு வசனத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், நமக்கு மிஞ்சுவது முன்பக்க இசையும் சண்டைச் சத்தமும்தான். அப்போது வால்யூமை ஏற்றாதீர்கள், அடுத்த வெடிச்சத்தம் முழு வேகத்தில் காதில் வந்து அறையும். 'அனலாக் ஸ்டீரியோ அவுட்புட்' என்று மாற்றினால் போதும், நடு சேனல் இடம் வலம் இரண்டிலும் கலந்து வந்துவிடும்.

உண்மையிலேயே ஆறு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறு: ஸ்டீரியோவில் விட்டால் பின்பக்கம் ஊமையாகக் கிடக்கலாம். பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும். மூன்றே ஜாக் உள்ள மதர்போர்டில் நீலமும் இளஞ்சிவப்புமே அந்த வேலையைப் பார்க்கும், அதற்கு டெர்மினலில் திறக்கும் ஆல்சாமிக்சர் என்ற ஒலி நிரலில் 'சேனல் மோட்' என்பதை ஆறுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அங்கேயே ஏதாவது பட்டைக்குக் கீழே 'எம்எம்' என்று இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது, எம் விசையைத் தட்டுங்கள். அப்புறம் டெர்மினலில் ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையை ஆறு சேனலுக்கு, வேவ் வகையில் (speaker-test -c 6 -t wav) ஓட்டுங்கள். ஒரு குரல் 'ரியர் லெஃப்ட்' என்று சொல்லும்போது எழுந்து போய் அந்த ஸ்பீக்கரில்தான் வருகிறதா என்று பாருங்கள்.

ஆப்டிகல் கேபிள்காரர்களுக்கு ஒன்று: அதில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும், 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகத்தான் அனுப்ப முடியும். எச்டிஎம்ஐயில் இந்தத் தொல்லை இல்லை.

பெரியவர் ஒரு பழைய படத்தைப் போட்டு, கிசுகிசுப்பு கூடக் கேட்கிறது என்றார். ஸ்பீக்கர் வாங்க வேண்டாம் சார், டாக்டரை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இந்த வயதில் காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.