‘ஒர்தா’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ரஷ்யப் புல்வெளியை ஆண்ட மங்கோலிய அரசைத் தமிழில் ‘தங்கக் கூட்டம்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. படிப்பவருக்குக் கொள்ளைக் கும்பல்தான் கண்முன் வரும். மூலச்சொல்லான ‘ஒர்தா’வில் கும்பலே கிடையாது.

பழந்துருக்கியில் அது ஒர்து. ககான், அதாவது பேரரசன், தங்கும் முகாம். மங்கோலியாவின் ஒர்கோன் பள்ளத்தாக்கில் 732இல் நிறுவிய குல் தெகின் கல்வெட்டில் இச்சொல் வருகிறது. எதிரிகள் ஒர்துவின் மீது பாய்கிறார்கள். துருக்கிய இளவரசன் குல் தெகின் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் இல்லாவிட்டால் அரசத் தாயும் மருமகள்களும் அடிமைகளாகியிருப்பார்கள் என்கிறது கல்வெட்டு. ஆக, ஒர்து வெறும் படை அல்ல. அரச குடும்பம் வாழ்ந்த இடம்.

மங்கோலியர் காலத்தில் ஒவ்வொரு பட்டத்தரசிக்கும் தனி ஒர்து. 1253இல் வோல்கா கரையில், செங்கிஸ் கானின் பேரனான பாது கானின் முகாமைக் கண்ட ருப்ருக் என்ற துறவி, கானின் இருப்பிடம் எப்போதும் மக்களுக்கு நடுவே இருப்பதால் ‘ஒர்தா’ என்றால் ‘நடு’ என்று எழுதினார். ‘ஒர்த்தா’ என்ற துருக்கியச் சொல்லுக்குத்தான் நடு என்று பொருள். ஒலி அவரைக் குழப்பியிருக்கலாம். ஆனால் அளவுகளில் கறாரானவர்: கூடாரத்தைக் கழற்றாமலே ஏற்றிய வண்டி ஒன்றின் இரு சக்கரத் தடங்களுக்கு இடையே 20 அடி, இழுத்த மாடுகள் 22, வரிசைக்கு 11.

பிறகு சொல் பிரிந்து போனது. இன்றைய துருக்கியில் ‘ஒர்து’ ராணுவம். மங்கோலியத்தில் ‘ஒர்தோன்’ அரண்மனை. போலந்து வழியாக மேற்கே போனபோது முன்னால் ஒரு ஹகரம் ஒட்டி ‘ஹோர்தா’ ஆனது; கும்பல் என்ற பொருள் ஏறியது அந்தப் பக்கம்தான். தில்லி முகலாயரின் அரச முகாம் ‘உர்தூ-ஏ-முஅல்லா’. உருது மொழியின் பெயர் அதிலிருந்து வந்தது.

தமிழில் ‘பாசறை’ போர்க்கால முகாமோடு நின்றுவிடும். முல்லைப்பாட்டு சொல்லும் ‘பாடி’ நல்ல சொல், ஆனால் இன்று ஊர்ப்பெயர்களில்தான் மிச்சம். ‘படைவீடு’ பொருந்துகிறது: படை தங்குமிடம், அரசன் இருக்குமிடம் இரண்டையும் தாங்கும். சம்புவராயர் தலைநகரின் பெயரே படைவீடு. முருகன் நினைவுக்கு வருவது ஒன்றுதான் சிக்கல். ‘அரசப் படைவீடு’ என்றால் அதுவும் தீரும்.

அரசின் பெயராக வரும்போது மொழிபெயர்க்க வேண்டாம். ‘பொன் ஒர்தா’ போதும். 13, 14ஆம் நூற்றாண்டுச் செய்திகளுக்கு ‘ஜோச்சியின் உலுஸ்’ இன்னும் சரி; ஜோச்சி பாதுவின் தந்தை, உலுஸ் என்றால் ஒருவர் ஆட்சிக்குட்பட்ட மக்களும் நாடும். ‘பொன் ஒர்தா’ பின்னாளில் ரஷ்யர்கள் எழுதிய பெயர்.