பார்வையற்றவருக்கு வங்கி எதையெல்லாம் மறுக்கக் கூடாது?

"உங்களுக்குக் கண் தெரியாதே, செக்புக் எதுக்கு? வீட்ல யாரையாவது சேர்த்து ஜாயிண்ட் அக்கவுண்டா ஆரம்பிச்சிடுங்க." வங்கிக்குப் போன பார்வையற்றவர்களில் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். சொல்கிறவர் அக்கறையோடுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்கு விதியில் இடம் கிடையாது.

2008 ஜூன் 4 அன்றே ரிசர்வ் வங்கி இதைச் சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டது. செக்புக், ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், சில்லறைக் கடன், கிரெடிட் கார்டு, இவற்றில் எதையும் பார்வையின்மையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. மூன்றாம் நபருக்கு எழுதிக் கொடுக்கும் செக்கும் இதில் அடங்கும் என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். அது முக்கியமான வரி. வீட்டு வாடகையைச் செக்கில் கொடுக்க முடியாது என்றால் செக்புக் இருந்து என்ன பயன்? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவும், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் கடன் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமா என்பது வாடிக்கையாளர் முடிவு செய்ய வேண்டியது, மேனேஜர் அல்ல.

அடுத்தது ஏடிஎம். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் எல்லா ஏடிஎம்களிலும் குரல் வழிகாட்டலும் பிரெயில் விசைப்பலகையும் இருக்க வேண்டும். கையில் ஒரு வயர் இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள், பழைய உருண்டைப் பின் உள்ளது. அதைச் செருகினால் இயந்திரம் பேசத் தொடங்கும். 5-ம் எண்ணில் மேடான புள்ளி இருக்கும், அதிலிருந்து மற்ற எண்களுக்குப் போகலாம். அதே உத்தரவில், குறைபார்வை உள்ளவர்களுக்காக ஒவ்வொரு கிளையிலும் பூதக்கண்ணாடி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. படிவம் நிரப்பும்போது தயங்காமல் கேளுங்கள்.

இப்போது பெரிய தலைவலி கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி சரிபார்ப்பது. "கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று போன் சொன்னால் பார்வையற்றவர் என்ன செய்வார்? முகம் திரையில் தெரியும் கட்டத்துக்குள் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. ஆசிட் வீச்சில் இமைகள் சிதைந்தவர்களுக்கும் இதே கதிதான். அப்படிப் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசுனும் மற்றவர்களும், பார்வையற்றவரான அமர் ஜெயினும் தனித்தனியாக வழக்குத் தொடர்ந்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, டிஜிட்டல் வசதிகளைப் பெறுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கியும் தன் கேஒய்சி விதிகளைத் திருத்தியது. கேமரா முன் இருப்பது நிஜ ஆள்தானா என்று பார்க்கும் நேரலைச் சோதனையைக் காட்டி மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும்.

ரூபாய் நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புது 500 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள் மேடாக இருக்கும். 100-ல் நான்கு. 200-லும் நான்குதான், ஆனால் நடுவே இரண்டு வட்டங்கள். கசங்கிய நோட்டில் விரலுக்குச் சிக்காது. அதற்கு ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி இருக்கிறது: கேமராவைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையமும் தேவையில்லை.

சரி, அப்படியும் மறுத்தால்? வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். "காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பல இடங்களில் அந்த ஒரு கேள்வியிலேயே வேலை நடந்துவிடும். நடக்காவிட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் தனியாகவும் மனுக் கொடுக்கலாம்.