கொங்கிறீட்டுக்குள் கம்பி ஏன் கறள் பிடிக்கிறது?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் எனக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான். பல்கனியின் அடியில் சீமெந்து பெயர்ந்து, உள்ளே கம்பி கறள் ஏறி உப்பியிருக்கும். "மேசன்பாஸ் மட்டமான கம்பி போட்டுவிட்டார்" என்பார்கள். அநேகமாக அவர்மேல் பிழை இருக்காது.

காரணம் புரிய, பெல்ஜிய விஞ்ஞானி மார்செல் பூர்பே தந்த வரைபடம் உதவும். கிடையாக பீஎச் (அமிலமா காரமா என்ற அளவு; 7க்கு மேல் காரம்), நிலைக்குத்தாக மின்வாய் அழுத்தம் (உலோகத்துக்கும் நீருக்கும் இடையிலான மின்னழுத்தம்). உலோகம் எங்கே அப்படியே இருக்கும், எங்கே கரையும், எங்கே தன்னைக் காக்கும் ஒட்சைட்டுப் படலம் போர்த்திக்கொள்ளும் என்று வெப்பவியக்கவியல் கணக்கு பிரித்துக் காட்டிவிடும். காற்றுப்படும் நீரில் பீஎச் சுமார் 9ஐத் தாண்டினால் இரும்புக்குப் படலம் உண்டு. நல்ல கொங்கிறீட்டின் நுண்துளைகளில் நிற்கும் நீரின் பீஎச்சோ 12.5க்கு மேல். அப்படியென்றால் கம்பி தப்ப வேண்டும். பல வருடம் தப்பவும் செய்கிறது.

அப்புறம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல உள்ளே இறங்கி, பீஎச்சை 9க்குக் கீழே கொண்டுவரும். அப்போது படலம் நிலைக்காது; இதை வரைபடமே சொல்லும். உடைத்த இடத்தில், காரம் இருந்தால் ரோஸ் நிறமாகும் பினோல்ப்தலீன் கரைசலைத் தெளித்து, ரோஸ் நிறம் வராத ஆழத்தைப் பாருங்கள். செலவு குறைவு, கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

கடல் உப்பு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமாக நாம் பார்ப்பது இரும்பும் நீரும் மட்டும் சேர்ந்த வரைபடம், உப்பிலுள்ள குளோரைட்டுக்கு அதில் இடமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் உப்பு கம்பிவரை போய்ச் சேர்ந்தால், பீஎச் 12.5 இருந்தும் படலம் ஆங்காங்கே உடைந்து குழி விழும். ரோஸ் நிறம் வந்துவிட்டது, பிரச்சினை இல்லை என்று முடியும் அறிக்கைகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். குளோரைட்டைத் தனியாக அளக்க வேண்டும்.

இதே மாதிரி வரைபடம் அலுமினியத்துக்கும் உண்டு; அதன் படலம் நிற்பது ஏறத்தாழ பீஎச் 4 முதல் 8.5 வரைதான். இரும்பைக் காக்கும் அதே காரம் இதைக் கரைக்கிறது. சீமெந்துப் பூச்சு வேலைக்கு முன் அலுமினிய யன்னல் சட்டங்களுக்கு நாடா ஒட்டச் சொல்வது அதனால்தான்.

வேகத்தைப் பற்றி வரைபடம் வாயே திறக்காது. கரையும் என்றால் அடுத்த மாரியிலா, இருபது வருடம் கழித்தா? கம்பிக்கு உப்பு போய்ச்சேர எடுக்கும் காலத்தை, மேலேயுள்ள கொங்கிறீட்டின் தடிப்பும் இறுக்கமும்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன. கடலோரத்தில் கட்டுகிறவர்கள் அந்தத் தடிப்பை 50 மில்லிமீற்றருக்குக் குறைய விடாதீர்கள். கொங்கிறீட் ஊற்றும் முன்பே அளந்து பாருங்கள்.